பிரேக்கில் காற்று

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். இருவருக்கும் பேச்சு நின்று ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. பேச்சுதான் நின்றதே ஒழிய வாய் நிற்கவில்லை. மாமியார் தன் தையல் மெஷினிடம் பேசினாள். மருமகள் காரிடம் பேசினாள். முன்னறையில் மெஷின், அதன் ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையின் கீழ் கார், நடுவில் நாலு கம்பிகள். சொன்னது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவருக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

"கேட்டியா," என்று அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமியார் மெஷினிடம் சொன்னாள். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை என் பிள்ளை வரானாம். வண்டியை எடுத்துட்டுப் போகத்தான் வரான், ஆளைப் பார்க்க இல்லை. யாரும் கண்ணாடி முன்னால போய் நிக்க வேண்டாம்."

மருமகள் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குனிந்திருந்தாள். "சனிக்கிழமை விடியும்போது வண்டி இங்கே இருந்தாத்தானே எடுக்க," என்று என்ஜினிடம் சொன்னாள்.

மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

மருமகள் எக்ஸ்ரே எடுப்பவள். மலை மேல் இருந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, தங்க ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கார் அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் இன்னொரு சாவி அவள் புருஷனிடம் இருந்தது. அவன் வேறொருத்தியோடு வேறு ஊரில் குடித்தனம் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்து நின்றானானால் கேட்கவெல்லாம் மாட்டான், உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவான். அப்புறம் வண்டி யார் பேரில் இருக்கிறது என்று ஒவ்வொரு வாசலாக ஏறிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போவதென்று முடிவாகிவிட்டது. போக முடியாமல் பிடித்து வைத்திருந்தது பிரேக். நாலைந்து நாளாகப் பெடல் பஞ்சுமூட்டை மாதிரி அமுங்கியது. நிற்கும், ஆனால் நாம் சொன்ன இடத்தில் நிற்காது, யோசித்து நிற்கும். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டாள். எங்கும் கசிவில்லை. பிரேக் கட்டைகள் தேயவில்லை. டப்பாவில் பிரேக் ஆயில் குறையவும் இல்லை, நிறம்தான் ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி கறுத்திருந்தது. பழைய ஆயில், உள்ளே காற்று. புது ஆயிலை விட்டுப் பழையதையும் காற்றையும் நாலு சக்கரத்தின் வழியாகவும் வெளியே தள்ள வேண்டும். இல்லாமல் மலைக்குப் போனால் ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் வினை.

இதெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. புருஷன் இருந்த காலத்தில் அந்த முன்மூடி அவனுடைய சாமியறை. ஞாயிறு காலை அவன் குனிந்திருப்பான், அவள் டார்ச் பிடிப்பாள். "ஆட்டாதே," என்பான். "எங்கே பார்க்கறே, இங்கே அடி." வருஷக்கணக்காக அவன் பார்த்த இடத்தையெல்லாம் அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் போன பிறகு ஒருநாள் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் தீர்ந்ததென்று மூடியைத் திறந்தாள். அடுத்த ஞாயிறு ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்த்தாள். அதற்கடுத்த வாரம் பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினாள். பிரியமெல்லாம் ஒன்றுமில்லை. கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த மூடிக்குக் கீழே இடம் நிறைய இருந்தது.

தெருக்கோடி மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். அவன் புருஷனின் சிநேகிதன். ஷெட்டுக்குள் போன வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெளியே வராது. அடுத்த ஷெட் பாலத்து இறக்கத்தைத் தாண்டி இருந்தது, இந்தப் பிரேக்கோடு அதில் இறங்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில் முந்தின நாளே ஒரு பாட்டில் ஆயில் வாங்கி வந்துவிட்டாள். ஸ்பேனர் இருந்தது, கண்ணாடிக் குழாய் போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். வெளியே சக்கரத்தருகே ஒருத்தி உட்கார்ந்து திருகைத் திறந்து மூடும்போது, உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க இன்னொரு கால் வேண்டும்.

"ஒரு ஆள் செய்யற வேலையில்லை இது," என்று அவள் காரிடம் சொன்னாள். சொல்வதற்கு முன் வெகுநேரம் கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் நின்றது.

"கால் வேணுமாம்," என்றாள் மாமியார். "இத்தனை வருஷம் உன்னை மிதிச்ச காலு இங்கேதான் இருக்கு. யாருக்குக் கண்ணு தெரியுது? எக்ஸ்ரேக்காரிக்குத் தோலுக்கு உள்ளே இருக்கறதுதான் தெரியும், எதிர்ல இருக்கறது தெரியாது."

"வேண்டியவங்களை மட்டும் போய்க் கேக்கலாம். வேண்டாதவங்களைக் கேக்க முடியுமா?"

"வண்டி ஓடலைன்னா ஆளும் ஓடாது. இங்கேயே உட்கார்ந்துக்கும். அதைவிட என் முட்டி வலிக்கறது மேல்." மாமியார் எழுந்த சத்தம் கேட்டது. நாற்காலி தள்ளப்பட்டது. வாசற்படியில் செருப்பை உதறிப் போடுகிற சத்தமும் வந்தது. அந்த உதறலில் வீட்டிலிருந்த எல்லாருக்கும் திட்டு இருந்தது. அப்போது வீட்டில் அவர்கள் இருவர்தான்.

மாமியாருக்கு அறுபது ஆகவில்லை. கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கும், ஊசிகள் குத்திய ஒரு சின்ன மெத்தை எப்போதும் இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும். அதோடேயே வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் போல வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் கொட்டியது. மருமகள் எதிரெதிர் சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, தாங்குகட்டை வைத்து, தூரத்துச் சக்கரத்தை முதலில் கழற்றினாள். டப்பாவிலிருந்து மிகவும் தூரத்தில் இருப்பதில் தொடங்கிக் கிட்டே இருப்பதில் முடிக்க வேண்டும். ஆயில் வெளியே வரும் நிப்பிளில், அந்தச் சின்னத் திருகில், குழாயை மாட்டி, மறுமுனையைப் பழைய ஜாம் பாட்டிலில் கொஞ்சம் ஆயில் ஊற்றி அதற்குள் அமிழ்த்தினாள். பிறகு ஈரத்தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள்.

இனிமேல் காரிடம் சொல்லிப் பயனில்லை. நேரே சொல்லியாக வேண்டும். எந்த வார்த்தையைச் சொல்வது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. தினமும் வாயில் வருவது தானாக வந்தது.

"நான் சொன்னா மிதிங்க. பிடிங்கன்னா அப்படியே பிடிங்க, அசையக்கூடாது. பெடல் தானா கீழே போகும், போனாலும் எடுக்கக் கூடாது. விடுங்கன்னா மட்டும்தான் காலை எடுக்கணும்."

"ஆஸ்பத்திரியில மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ற மாதிரியா?"

"அதேதான்."

"அங்கே எத்தனை பேர் பிடிச்சபடியே போய்ச் சேர்ந்தாங்களோ."

"மிதிங்க," என்றாள் மருமகள்.

தையல்காரியின் கால் மிதித்தது. மிதித்ததோடு நிற்கவில்லை. மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு, ஒரு முழுச் சட்டையின் ஓரத்தை அடித்து முடிக்கிற வேகத்தில் ஓடியது.

"மெஷின் இல்லை இது."

"தெரியுது. மெஷினா இருந்தா இந்நேரம் ஏதாவது தைச்சிருக்கும்."

இரண்டாவது தடவை சரியாக வந்தது. மிதிங்க. பிடிங்க. ஸ்பேனரைக் கால்வட்டம் திருப்பினாள். குழாய்க்குள் கறுத்த ஆயில் பாய்ந்தது, அதில் குட்டிக் குட்டிக் குமிழிகள். மூடினாள். விடுங்க. மறுபடி. ஏழெட்டு தடவைக்கு ஒருமுறை எழுந்து போய் டப்பாவில் புது ஆயிலை ஊற்றினாள். டப்பா காய்ந்தால் மேலேயிருந்தே காற்று இறங்கிவிடும். பெயின்ட்டில் ஒரு சொட்டு சிந்தியபோது ஓடிப்போய்த் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

முதல் சக்கரத்தில் தேன் நிறமாகச் சுத்த ஆயில் வந்தது. அதை மாட்டி முடித்து இரண்டாவதற்குப் போனார்கள். இப்போது அவள் டிரைவர் பக்கத்துப் பின்சக்கரத்தில் இருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக மாமியாரின் பாதம் தெரிந்தது. நரம்பு புடைத்த, ஓரம் வெடித்த பாதம். பெடல் மேல் அது எத்தனை அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இந்த சீட்டுலதான் அவன் உட்காருவான்," என்றாள் மாமியார் ஸ்டியரிங்கிடம்.

"பிடிங்க."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். பிடிச்சு வெக்கத் தெரியாதது நான் இல்லை." மழையை மீறிக் கேட்கும்படி குரல் ஏறியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பேச்சு நேராக வந்தது. "ஒரு ஆம்பளை வீட்டை விட்டு சும்மா போவானா? நீ வந்தா ஆஸ்பத்திரி வாசனை. வாயைத் திறந்தா அந்த டூட்டி இந்த டூட்டி. சிரிச்சுப் பேசினா என்ன குறைஞ்சா போயிடும்? நீ சரியா இருந்திருந்தா அவன் ஏன் போறான், சொல்லு."

பேச்சு நின்ற பிறகு நேராகச் சொன்ன முதல் பழி. மெஷினுக்குச் சொன்னபோதெல்லாம் இதே வார்த்தைகள்தான், ஆனால் கம்பிகள் நடுவில் இருந்தன. மருமகளின் கையில் ஸ்பேனர், நிப்பிள் திறந்திருக்கிறது. பதில் சொன்னால் அழுதுவிடுவோம் என்று பட்டது. இந்தப் பொம்பளைக்கு முன்னால் அழுவதைவிட இந்தச் சக்கரத்தின் அடியில் தலையைக் கொடுக்கலாம்.

"விடுங்க," என்றாள். "எத்தனை தடவை இதையே–"

கால் மேலே வந்தது.

குழாய்க்குள் வெளியே போன கறுப்பு அப்படியே திரும்பி ஏறியது, குமிழி குமிழியாக, வீட்டுக்குள் ஓடுகிற எலி மாதிரி. அவள் திருகை மூடுவதற்குள் உள்ளே போய்விட்டது.

"ஏன் எடுத்தீங்க?"

"நீதானே விடுங்கன்னே."

"அந்தப் பேச்சை விடுங்கன்னு சொன்னேன்!"

"எனக்கென்ன தெரியும்? விடுன்னா விடறது. உன் சட்டம்தானே?"

"வேணும்னே செஞ்சீங்க. வண்டி இங்கே நிக்கணும், ஞாயித்துக்கிழமை உங்க பிள்ளை வந்து எடுத்துட்டுப் போகணும். அதுக்குத்தானே ஏறி உட்கார்ந்தீங்க?"

மாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் மருமகளை உலுக்கியது. இழுங்க என்றால் இழுத்து, பிடிங்க என்றால் பிடித்து, அவள் விடுங்க என்று சொன்ன கணத்தில் விடுகிற நோயாளிகளின் முகம் அது. யாரும் அர்த்தம் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டா மூச்சு விடுவார்கள்? சொன்னதைத்தான் அந்தக் காலும் செய்திருக்கிறது. வேண்டுமென்று செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்னும் கொஞ்சம் வெறுக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குச் சற்று மேல். இந்தச் சக்கரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும், அப்புறம் முன்னால் இரண்டு. வெளியே எடுத்ததை மறுபடி ஊற்ற முடியாது. இன்னொரு பாட்டில் வேண்டுமானால் தெருக்கோடிக் கடை, மெக்கானிக்கின் ஷெட்டுக்கு அடுத்த கதவு. இன்னொரு முறை தவறினால் போதாது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா முடிஞ்சுது," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"அப்போ அந்த வார்த்தை வேண்டாம்," என்றாள் மாமியார். "அது சண்டையிலயும் வரும், சமையல்லயும் வரும். குழப்பம். வேற வெச்சுக்கோ."

"வேற என்ன?"

மாமியார் மணிக்கட்டு மெத்தையிலிருந்து ஓர் ஊசியை உருவி மறுபடி அதே இடத்தில் குத்தினாள். "உன் வாயில வரவே வராத வார்த்தை ஒண்ணு இருக்கே. அதை வெச்சுக்கோ. சண்டையிலகூட நீ அதைச் சொல்ல மாட்டே. தப்பு நடக்காது."

மருமகளுக்கு உடனே புரிந்தது. அந்த வார்த்தையை அவள் நிறுத்திய நாள் நன்றாக நினைவிருந்தது. மாமியார் போனில் மகனிடம், "இவ இங்கே இருக்கறதாலதானே நீ வரமாட்டேங்கறே," என்று அவள் காதில் விழும்படி சொன்ன நாள். அன்றிலிருந்து 'இங்கே', 'கொஞ்சம்', 'ம்', அவ்வளவுதான். கூப்பிடாமலே ஒரு மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட முடியும் என்று அவள் நிரூபித்திருந்தாள். அதில் ஒரு வெற்றி இருப்பதாகக்கூட நினைத்திருந்தாள்.

"வேற ஏதாவது சொல்லுங்க."

"வேற எனக்குத் தெரியாது. வேண்டாம்னா இறங்கிப் போறேன். தைக்க வேண்டிய சட்டை கிடக்கு."

மழை ஒரு மூச்சு விட்டுக் கொட்டியது.

"மிதிங்க," என்றாள் மருமகள். "பிடிங்க." திறந்தாள். கறுப்பும் குமிழியும் ஓடின. மூடினாள். இப்போது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கால் அங்கேயே இருக்கும், அந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

"அத்தை."

கால் மேலே வந்தது.

முதலில் அது துப்புவது போல வந்தது. அப்புறம் பல்லுக்கு நடுவில். பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் எந்த வார்த்தைக்கும் விஷம் நிற்காது. ஸ்பேனர் திரும்புகிற சத்தம் மாதிரி அதுவும் வேலையில் ஒரு சத்தமாகிவிட்டது. மிதிங்க, பிடிங்க, அத்தை. நடுவில் மாமியார் திட்டுவதையும் நிறுத்தவில்லை. மருமகள் சமைக்கிற முட்டை, துணி காயப்போடுகிற லட்சணம், மலை மேல் குளிரில் மூட்டு பிடித்துக்கொண்டு படுக்கப்போவது, எல்லாம் வந்தது. ஆனால் திறந்திருக்கும்போது எதைச் சொன்னாலும் கால் அசையவில்லை.

முன் இடது சக்கரம் முடிந்து கடைசிச் சக்கரத்தில் இருந்தபோது கேட்டருகே ஸ்கூட்டர் நின்றது. மழைக்கோட்டு போட்ட மெக்கானிக்.

"என்னம்மா, வண்டியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

அவன் நின்ற இடத்திலிருந்து மருமகள் தெரியவில்லை, அவள் வண்டிக்கு இந்தப் பக்கம் தரையில் இருந்தாள். நிப்பிள் அப்போதுதான் திறந்திருந்தது. பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பஞ்சர்," என்றாள் மாமியார்.

"நீங்க ஏன் டிரைவர் சீட்டுல?"

"மழைக்கு ஒதுங்கினேன்."

"வீடு இருக்கே."

"என் வீடு, என் மழை. உனக்கென்ன?"

அவன் சிரித்தான். "அண்ணன் ஞாயித்துக்கிழமை வரேன்னார். அதுவரைக்கும் ஷெட்டுல வெச்சிருன்னு போன்ல சொன்னார். மழை விட்டதும் எடுத்துட்டுப் போறேன். இறங்குங்க, பஞ்சரைப் பார்த்துடறேன்."

கேட்டின் தாழ்ப்பாள் அசைந்தது. மருமகள் ஸ்பேனரைத் திருப்பக்கூட மறந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினால் எல்லாம் போச்சு. இறங்கவும் வேண்டாம். காட்டிக்கொடுக்க மாமியார் சொல்ல வேண்டியது ஒரே வரி. நாளைக்கு இவ ஓடப்போறா.

"உள்ளே காலை வெச்சே, தெரியும்," என்றாள் மாமியார். "போன தீபாவளியா… போன வருஷமா, எப்போ தைச்ச பேன்ட்டு அது? இடுப்பைப் பிரிச்சுக் குடுன்னு சொல்லி, காசு குடுக்காம வாங்கிட்டுப் போனவன் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் தலை காட்டலை. முதல்ல அந்தக் கதையைச் சொல்லிட்டு அப்புறம் என் வீட்டுக்குள்ள வா."

"அதில்லைம்மா, அண்ணன்தான்…"

"அண்ணன் வரட்டும். வந்து என்கிட்ட கேக்கட்டும். பெத்தவளைப் பார்க்க வரத் தெரியலை, வண்டியைப் பார்க்க வழி தெரியுதா அவனுக்கு? போ. நனையாதே."

பெடலின் மேல் பாதம் நடுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி வரைக்கும். சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் மேலே வரவில்லை. ஸ்கூட்டர் உறுமி, இருமி, தெருவுக்குள் போய்த் தேயும்வரை வரவில்லை.

மருமகள் திருகை மூடினாள். கை வழுக்கி இரண்டாம் தடவைதான் பிடித்தது.

"அத்தை," என்றாள்.

கால் விழுந்தது. மாமியார் குனிந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எருமை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. யாரை என்று சொல்லவில்லை.

"பொய் ஏன் சொன்னீங்க?"

"உனக்காகன்னு நினைச்சுக்காதே. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தே அவனைப் பழக்கிட்டேன். ஒண்ணாவது கிடைக்காம போகட்டும்." பிறகு, "இன்னும் எத்தனை மிதி?"

"நாலு. போதும்."

பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

சக்கரங்களை மாட்டி, திருகுகளை எதிரெதிராக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபோது மழை விட்டிருந்தது. மாமியார் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். வலது கால் மிதிக்க மறுத்ததால் இடது காலால் மிதித்தாள், தையல் கோணலாகப் போனதென்று மெஷினைத் திட்டினாள். மருமகள் சீட்டில் ஏறிப் பெடலை அழுத்தினாள். பாதியிலேயே கல் மாதிரி நின்றது. சீட்டில் இன்னும் சூடு இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தபடி அவள் கொஞ்ச நேரம் அழுதாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள இவ்வளவு சத்தம் தேவையில்லை.

விடியும்போது பெட்டிகளை ஏற்றினாள். மாமியார் நொண்டிக்கொண்டே வந்து கேட்டைத் திறந்தாள். காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் அவித்த முட்டையும் பக்கத்து சீட்டில் விழுந்தன, எறிந்தது போலத்தான்.

"மலையில ஒழுங்கா ஓட்டு. பிரேக் பிடிக்கலைன்னு என் காலைக் குத்தம் சொல்லித் திரும்பி வந்து நிக்காதே."

"வரமாட்டேன்."

"வராதே. வீடு இப்போதான் வீடா இருக்கும்."

"இருக்கட்டும்."

"அந்த முட்டையை நீ அவிக்கிற மாதிரி அவிக்கலை, சரியா அவிச்சிருக்கு."

"சரி."

கார் உறுமிக்கொண்டு நின்றது. சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. மாமியார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த கை அங்கேயே இருந்தது. ஊசி மெத்தை கட்டிய கை, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அது பிடித்திருப்பது அவளுக்கே தெரியுமோ என்னவோ. மருமகளின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. விடுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையைத்தான் அவர்கள் வேண்டாமென்று வைத்துவிட்டார்களே.

"அத்தை," என்றாள்.

கை ஜன்னலை விட்டது.